பூனையோடு விமானம் ஏறுவது எப்படி: வேலூர்க்காரர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எங்கள் கிட்டு நான்கேகால் கிலோ, செம்பட்டை நிறம், சத்துவாச்சாரி மொட்டைமாடியில் பிறந்தவன். மகளுக்கு டெல்லியில் வேலை என்பதால் வருஷத்தில் நான்கு மாதம் நானும் அங்கேதான். அதனால் அவனும் போக, வர என்று இதுவரை ஆறு தடவை விமானம் ஏறிவிட்டான். இதைக் கேள்விப்பட்டுக் காட்பாடி, பாகாயம் பக்கமிருந்து சிலர் யோசனை கேட்டு வந்தார்கள். அதில் பாதிப்பேர் டிக்கெட்டை வாங்கிவிட்டுத்தான் வந்தார்கள். சிக்கல் அங்கேயே ஆரம்பித்துவிடுகிறது.

இதில் எந்த வேலையும் கஷ்டமில்லை. வரிசை மாறினால்தான் கஷ்டம். கீழே உள்ளதை அதே வரிசையில் செய்யுங்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே தொடங்கினால் நிதானமாகப் போகும், நான்கு வாரத்துக்குக் குறைந்தால் எதையாவது விட்டுவிடுவீர்கள்.

1. கூட்டிப்போகத்தான் வேண்டுமா?

பத்து நாள் கல்யாண வேலைக்கு என்றால் வேண்டாம். நாய்க்கு ஆள் முக்கியம், பூனைக்கு இடம் முக்கியம். பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனால் அது உங்களைத் தேடும்தான், ஆனால் தன் வீட்டில் தன் மூலையில் படுத்துக்கொண்டு தேடும். ஒரு மாதத்துக்கு மேல் தங்கப்போகிறீர்கள், அல்லது வீடே மாறுகிறீர்கள் என்றால் கூட்டிப்போங்கள்.

சினையாக இருக்கும் பூனையை ஏற்ற மாட்டார்கள். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ள வயதான பூனை என்றால் முதலில் மருத்துவரைக் கேளுங்கள். பெர்சியன் வளர்ப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: மூக்கு சப்பையான பூனைக்குச் சாதாரண நாளிலேயே மூச்சு இழுக்கும். பயத்திலும் வெக்கையிலும் அது இரண்டு மடங்காகும். எந்த நிறுவனமானாலும் சரக்குப் பகுதியில் மட்டும் அதை அனுப்பாதீர்கள்.

குட்டியாக இருந்தால் பொறுங்கள். முதல் ரேபிஸ் ஊசியே 12 வாரத்தில்தான் போடுவார்கள், அது வேலை செய்ய இன்னும் மூன்று வாரம் வேண்டும். குட்டிக்கு நான்கு மாதமாவது ஆகட்டும்.

2. எடை போடுங்கள்

விமான நிறுவனம் சொல்லும் எடை பூனையின் எடை அல்ல. பூனை, பை, உள்ளே விரித்த துணி, எல்லாம் சேர்ந்த எடை. வேலையை இதிலிருந்து தொடங்கச் சொல்வதற்குக் காரணம், எந்தப் பை வாங்கலாம், எந்த நிறுவனத்தில் போகலாம் என்ற இரண்டையும் இந்த எண்தான் முடிவு செய்கிறது.

வீட்டு எடை மெஷினில் நீங்கள் மட்டும் ஏறிப் பாருங்கள், பிறகு பூனையைத் தூக்கிக்கொண்டு ஏறுங்கள். வித்தியாசம்தான் அதன் எடை. இதில் அரைக் கிலோ கூடக் குறைய இருக்கும். எல்லையை ஒட்டி இருந்தால், பூனையைப் பையில் வைத்து மளிகைக் கடை எலெக்ட்ரானிக் தராசில் ஒரு தடவை வைத்துவிடுங்கள். கருத்தடை செய்த கடுவன் ஆறு கிலோ இருக்கும், பை ஒன்றேகால் கிலோ. ஏழு கிலோ எல்லை உள்ள விமானத்தில் அது அங்கேயே தாண்டிவிட்டது.

3. பை வாங்குங்கள்

துணிப் பைதான். மூன்று பக்கம் வலை, அடியில் கெட்டியான பலகை, மேலே ஒரு ஜிப், பக்கத்தில் ஒரு ஜிப். பை முன் சீட்டுக்கு அடியில் போயாக வேண்டும். பிளாஸ்டிக் கூண்டு அங்கே போகாது, துணிப் பை கொஞ்சம் அமுங்கிக் கொடுக்கும். என்னுடையது 17 அங்குல நீளம், 11 அங்குல அகலம், 10 அங்குல உயரம். நீங்கள் போகும் நிறுவனம் சொல்லும் அளவை வைத்து டேப் பிடித்து அளந்து வாங்குங்கள். கடைக்காரர் 'ஃப்ளைட் சைஸ்தான்' என்பதை நம்பவேண்டாம்.

மேல் ஜிப் அவசியம். பாதுகாப்புச் சோதனையில் பூனையை வெளியே எடுக்கவேண்டி வரும். பக்கவாட்டு ஜிப் மட்டும் உள்ள பையில் அது பின்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும், நீங்கள் காலைப் பிடித்து இழுப்பீர்கள், அது கையைக் கிழிக்கும்.

முதுகில் மாட்டும் கண்ணாடிக் குமிழ் வைத்த பை இப்போது எல்லார் கையிலும் இருக்கிறது. பார்க்க அழகு. நம் ஊர் வெயிலில் அதற்குள் காற்று நிற்கும், குமிழுக்குள் சூடு ஏறும், சீட்டுக்கு அடியிலும் போகாது. வேண்டாம்.

வாங்கியதும் ஜிப்பைச் சோதியுங்கள். கிட்டு முதல் பையில் தலையால் முட்டி முட்டி இரண்டு ஜிப்புக்கும் நடுவே இடைவெளி உண்டாக்கி, கிரீன் சர்க்கிள் சிக்னலில் ஓடுகிற ஆட்டோவில் தலையை வெளியே நீட்டினான். டிரைவர் திரும்பிப் பார்த்து, "இன்னாம்மா, கோழின்னு நெனச்சேன்!" என்றார். அவருக்குச் சிரிப்பு, எனக்கு உயிரே போய்விட்டது. இப்போது இரண்டு ஜிப் வளையங்களையும் சேர்த்து ஒரு சின்னக் கொக்கியால் மாட்டிவிடுகிறேன்.

4. பையைப் பூனையின் வீடாக்குங்கள்

இந்த ஒரு படிக்கு மட்டும் குறுக்குவழி கிடையாது. மூன்று வாரமாவது வேண்டும். மற்றதையெல்லாம் பணம் கொடுத்தோ ஃபோன் பண்ணியோ முடித்துவிடலாம்.

பெரும்பாலான வீடுகளில் பை பரண்மேல் இருக்கும். ஊசி போடும் நாளில்தான் இறங்கும். பூனைக்கு ஞாபகசக்தி நன்றாக உண்டு. பை இறங்கினால் ஊசி என்று அது கணக்குப் போட்டு வைத்திருக்கும். அந்தக் கணக்கைத்தான் அழிக்கவேண்டும்.

முதல் வாரம் பையைத் திறந்தபடி, பூனை வழக்கமாகப் படுக்கும் இடத்திலேயே வையுங்கள். உள்ளே உங்கள் பழைய நைட்டியையோ வேட்டியையோ துவைக்காமல் மடித்து விரியுங்கள். உங்கள் வாசனைதான் வேண்டும், சோப்பு வாசனை வேண்டாம். அதை உள்ளே தள்ளாதீர்கள், கூப்பிடவும் கூப்பிடாதீர்கள். சாப்பாட்டுத் தட்டை முதலில் பையின் வாசலிலும், இரண்டு நாள் கழித்துப் பைக்குள்ளும் வையுங்கள். உப்புப் போடாமல் வேகவைத்த மீன் துண்டு ஒன்று போதும். கருவாடு வேண்டாம். உப்பு அதிகம், தாகம் எடுக்கும், அப்புறம் பையில் அந்த வாசனையே போகாது.

இரண்டாவது வாரம், அது உள்ளே சாப்பிடும்போது ஜிப்பை மூடி, சாப்பிட்டு முடிக்கும்முன் திறந்துவிடுங்கள். கத்துவதற்கு முன்னாலேயே திறக்கவேண்டும். கத்திய பின் திறந்தால், கத்தினால் கதவு திறக்கும் என்று கற்றுக்கொள்ளும். ஒரு நிமிஷம், மூன்று நிமிஷம், பத்து நிமிஷம் என்று கூட்டுங்கள். பிறகு தூக்கிக்கொண்டு கூடத்தில் நடங்கள், மாடிப்படி ஏறி இறங்குங்கள்.

மூன்றாவது வாரம் வண்டி. முதலில் தெருமுனை வரை, அப்புறம் கோட்டையைச் சுற்றி ஒரு ரவுண்டு, கடைசியில் காரில் வாலாஜா வரை போய்த் திரும்புங்கள். அந்தக் கடைசி ஓட்டத்தில்தான் உங்கள் பூனைக்கு வண்டி ஒத்துக்கொள்ளுமா, வாந்தி வருமா என்று தெரியும். வாந்தி எடுத்தால் அதை மருத்துவரிடம் சொல்ல உங்களுக்கு நாள் இருக்கிறது. பயண இரவில் ஸ்ரீபெரும்புதூரில் தெரிந்தால் என்ன செய்வீர்கள்?

ஒவ்வொரு ஓட்டமும் வீட்டில் முடியட்டும், வீட்டுக்கு வந்ததும் சாப்பாடு கிடைக்கட்டும். பையில் ஏறினால் கடைசியில் வீடு வரும் என்று அது நம்பினால் போதும்.

5. ஹார்னஸ் மாட்டிப் பழக்குங்கள்

கழுத்துப் பட்டை போதாது. பயந்த பூனை பின்னால் நகரும், பட்டை தலை வழியாகக் கழன்றுவிடும். கழுத்துக்கு ஒரு வளையம், வயிற்றுக்கு ஒரு வளையம் உள்ள ஹார்னஸ் வாங்குங்கள். போட்ட பின் இடையில் இரண்டு விரல் போகவேண்டும், மூன்றாவது விரல் போகக்கூடாது. முதல் நாள் மாட்டினால் கால் உடைந்ததுபோல் சாய்ந்து படுத்துவிடும். பதற வேண்டாம், எல்லாப் பூனையும் போடும் நாடகம்தான். தினமும் பத்து நிமிஷம் மாட்டி விளையாட விடுங்கள்.

விமானத்தில் இதற்கு வேலையில்லை. பாதுகாப்புச் சோதனையின் அந்த இரண்டு நிமிஷத்துக்குத்தான் இது.

6. நிறுவனத்தைக் கேட்டுவிட்டு டிக்கெட் வாங்குங்கள்

வேலூரில் அப்துல்லாபுரம் விமான நிலையத்தை நம்பி எதையும் திட்டமிட முடியாது. பெரும்பாலும் சென்னைதான், சிலருக்குப் பெங்களூரு வசதி. எங்கிருந்து போவது என்பதை ஊர் தூரத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். பூனையைக் கேபினில் ஏற்றும் நேரடி விமானம் எங்கிருந்து இருக்கிறது என்று பாருங்கள். நடுவில் விமானம் மாறும் பயணம் என்றால் சோதனை, காத்திருப்பு எல்லாம் இரண்டு மடங்கு. சென்னையிலிருந்து மாறித்தான் போகவேண்டும் என்றால், பெங்களூரு போய் அங்கிருந்து நேரடி விமானம் ஏறுவதே மேல்.

உள்நாட்டில் ஏர் இந்தியா கேபினில் ஏற்றுகிறது. ஆகாசா ஏர் 2022 நவம்பரிலிருந்து ஏற்றுகிறது. நாட்டிலேயே அதிக விமானங்களை ஓட்டும் இண்டிகோ செல்லப்பிராணிகளை ஏற்றுவதில்லை, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவும் பயிற்சி பெற்ற நாய்க்குத்தான் விலக்கு. எடை எல்லையும் கட்டணமும் அடிக்கடி மாறுகின்றன. போன வருஷம் போனவர் சொன்ன கணக்கை வைத்துக்கொள்ளாமல், நீங்கள் போகும் மாதத்தில் கேளுங்கள்.

வரிசை இப்படி: முதலில் வாடிக்கையாளர் சேவைக்கு ஃபோன் பண்ணி, அந்தத் தேதியில் அந்த விமானத்தில் பூனைக்கு இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு விமானத்தில் ஒன்றிரண்டு பிராணிக்கு மேல் கேபினில் விடமாட்டார்கள். இருக்கிறது என்றால் அப்போதே டிக்கெட் எடுங்கள், எடுத்த கையோடு மறுபடி ஃபோன் பண்ணி அந்த டிக்கெட்டில் பூனையைப் பதியச் சொல்லுங்கள். பதிந்ததற்கு மின்னஞ்சலில் எழுத்து வாங்குங்கள். வாய்வார்த்தை போதாது. என் இரண்டாவது பயணத்தில் ஃபோனில் 'ஓகே மேடம்' என்றார்கள். கவுண்ட்டரில் 'உங்கள் டிக்கெட்டில் பெட் எதுவும் இல்லையே' என்றார்கள். வேறு யாரும் பிராணி கொண்டுவராததால் அன்றைக்குத் தப்பித்தேன்.

ஒரு ஆளுக்கு ஒரு பூனைதான் கணக்கு. இரண்டு பூனை இருந்தால் இரண்டு பெரியவர்கள் வேண்டும். கட்டணம் தனி, உங்கள் இலவச பேக்கேஜ் அளவில் கழிக்க மாட்டார்கள்.

சீட்டை அவர்கள்தான் ஒதுக்குவார்கள், பெரும்பாலும் பின்வரிசை. கேட்க முடிந்தால் ஜன்னலோரம் கேளுங்கள். நடைபாதை ஓரம் என்றால் தள்ளுவண்டியும் கால்களும் பையை இடித்துக்கொண்டே போகும். முதல் வரிசையும் அவசரவழி வரிசையும் கிடைக்காது. முதல் வரிசைக்கு முன் சீட்டே இல்லை, அவசரவழியில் எதையும் கீழே வைக்கக்கூடாது.

நேரத்தைப் பொறுத்தவரை, சித்திரை வைகாசியில் விடியற்காலை விமானம் மட்டும்தான் என் யோசனை. கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரியைத் தாண்டும். விடியற்காலை விமானம் என்றால் நடுராத்திரியில் கிளம்புவீர்கள், சாலையும் ஆறியிருக்கும், நெரிசலும் இருக்காது, பூனையும் பாதித் தூக்கத்தில் இருக்கும்.

7. மருத்துவரிடம் இரண்டு தடவை போங்கள்

முதல் தடவை, பயணத்துக்கு ஒரு மாதம் முன். ரேபிஸ் ஊசி போட்டு ஒரு வருஷம் தாண்டியிருந்தால் இப்போதே போடுங்கள். ஊசி போட்ட மறுநாளே விமானம் ஏறலாம் என்று நினைக்கவேண்டாம், குறைந்தது 21 நாள் இடைவெளி இருக்கட்டும். ஊசிப் புத்தகத்தில் தேதி, மருந்தின் ஸ்டிக்கர், மருத்துவரின் கையெழுத்து மூன்றும் இருக்கிறதா பாருங்கள். பல புத்தகங்களில் ஸ்டிக்கர் இருக்கும், கையெழுத்து இருக்காது.

இரண்டாவது தடவை, விமானப் பயணத்துக்குத் தகுதியானது என்ற சான்றிதழுக்கு. பயணத்துக்கு மூன்று நாளுக்குள் வாங்கியதாக இருந்தால் எங்கும் கேள்வி வராது. திங்கட்கிழமை விடியற்காலை விமானம் என்றால் சனிக்கிழமை போய்விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டு, பூட்டிய கிளினிக் வாசலில் நின்றவர் ஒருவரை எனக்குத் தெரியும்.

சான்றிதழை வாங்கியதும் அங்கேயே நின்று படியுங்கள். 'ஆரோக்கியமாக உள்ளது' என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது, 'விமானப் பயணத்துக்குத் தகுதியானது' என்ற வாசகம் வேண்டும். பூனையின் நிறம், பாலினம், வயது, எடை, தேதி, மருத்துவரின் பதிவு எண், முத்திரை எல்லாம் வேண்டும். இனம் என்ற இடத்தில் நாட்டுப் பூனைக்கு 'டொமஸ்டிக் ஷார்ட் ஹேர்' என்று எழுதச் சொல்லுங்கள், கவுண்ட்டரில் அதுதான் புரியும்.

இன்னொன்று, எல்லாரும் இடறும் இடம்: உரிமையாளர் பெயர். கிளினிக் நோட்டில் பூனை வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், டிக்கெட் உங்கள் பெயரில் இருக்கும். யார் கூட்டிப்போகிறாரோ அவர் பெயர், அவருடைய அடையாள அட்டையில் உள்ள எழுத்துப்படி சான்றிதழில் இருக்கட்டும்.

நகத்தையும் அன்றைக்கே வெட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். எல்லாத் தாளையும் மூன்று நகல் எடுங்கள். ஒன்று கவுண்ட்டரில் போய்விடும், ஒன்று கையில், ஒன்று பையின் பாக்கெட்டில்.

வெளிநாடு என்றால் இந்த வழிகாட்டி போதாது. மைக்ரோசிப், சில நாடுகளுக்கு ரேபிஸ் எதிர்ப்புச்சக்தி ரத்தப் பரிசோதனை, சென்னையில் உள்ள மத்திய அரசின் விலங்குத் தனிமைப்படுத்தல் நிலையத்தின் சான்று என்று மாதக்கணக்கில் போகும். பல நாடுகள் கேபினில் உள்ளே விடவே விடாது.

8. மயக்க மருந்து கொடுக்காதீர்கள்

'ஒரு தூக்க மாத்திரையில் கால்வாசி கொடுத்தால் போதும்' என்று சொல்ல ஒருவர் கட்டாயம் வருவார். வேண்டாம். மயக்கத்தில் பூனையின் ரத்த அழுத்தமும் மூச்சும் குறையும். மேலே போனதும் அது மோசமானால் விமானத்தில் பார்க்க ஆள் கிடையாது. கவுண்ட்டரில் மயங்கிய பிராணியைக் கண்டால் ஏற்றவும் மாட்டார்கள். பாரசிட்டமால் ஒரு துண்டுகூடப் பூனைக்கு விஷம், அதை எந்தக் காரணத்துக்காகவும் கொடுக்காதீர்கள்.

மிகவும் பயப்படும் பூனைக்கு, பதற்றம் குறைய மருத்துவரே கபாபென்டின் போன்ற மருந்து எழுதிக் கொடுப்பார். அப்படி எழுதினால், பயணத்துக்கு ஒரு வாரம் முன் வீட்டில் ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். சில பூனை தள்ளாடும், சிலது வாந்தி எடுக்கும். அது வீட்டில் தெரியட்டும்.

9. சாப்பாட்டைப் பின்னாலிருந்து கணக்குப் போடுங்கள்

புதியவர்கள் விமான நேரத்திலிருந்து கணக்குப் போடுகிறார்கள். நமக்கு அதற்கு முன்னால் மூன்று மணி நேரச் சாலை இருக்கிறது. வயிற்றைக் கலக்குவது பெரும்பாலும் அந்தச் சாலைதான். அதனால் வீட்டைவிட்டுக் கிளம்பும் நேரத்திலிருந்து நான்கு மணி நேரம் முன்னால் கடைசிச் சாப்பாடு.

உதாரணத்துக்கு, காலை 7.30 விமானம். 4.30க்கு விமான நிலையம். இரவு 1 மணிக்கு வேலூரில் கிளம்பவேண்டும். அப்படியென்றால் இரவு 9 மணிக்கு வழக்கத்தில் பாதி அளவு சாப்பாடு, அதோடு சரி. தண்ணீரை எடுக்காதீர்கள், கிளம்பும்வரை இருக்கட்டும். பால் அன்றைக்குக் கண்ணிலேயே காட்டாதீர்கள். வளர்ந்த பூனைக்குப் பால் சரியாகச் செரிக்காது, வயிற்றால் போகும், மூடிய பையில் அது எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு நாள் டெல்லி வீட்டுக்குள் நுழையும்வரை பூனை ஒன்றுக்குப் போகாமல் இருந்தால் பயப்படவேண்டாம், வளர்ந்த பூனை பன்னிரண்டு மணி நேரம் சாதாரணமாக அடக்கும். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு மணல் தட்டைச் சுத்தம் செய்து வையுங்கள். சுத்தமான தட்டைக் கண்டால் பல பூனைகள் உடனே போய்விடும். பையின் அடியில் உறிஞ்சும் ஷீட் ஒன்று, அதற்குமேல் உங்கள் பழைய துணி.

கைப்பையில்: இரண்டு ஷீட், ஈரத் துடைப்பான், பிளாஸ்டிக் கவர், ஒரு துண்டு, தாள்கள். இவை தவிர, ஜிப் கவரில் வீட்டுத் தட்டிலிருந்து எடுத்த ஒரு கைப்பிடி மணல். அந்த மணல் எதற்கு என்று பிறகு சொல்கிறேன். அதைப் பெட்டியில் போடுங்கள், கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துக் காட்டச் சொல்வார்கள்.

10. சாலையில் ஜிப்பைத் திறக்காதீர்கள்

ஏசி கார் வையுங்கள், டிரைவரிடம் பூனை வருகிறது என்று பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். காட்பாடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவில் போகலாம் என்று சிலர் கணக்குப் போடுகிறார்கள். மெட்ரோவில் செல்லப்பிராணிகளுக்கு அனுமதி இல்லை. சென்ட்ரலில் இறங்கி மறுபடி ஆட்டோ தேடுவதற்கு வீட்டு வாசலிலிருந்தே கார் மேல்.

பையைப் பின்சீட்டில் வைத்து சீட் பெல்ட்டைப் பிடிக்குள் விட்டு மாட்டுங்கள். ஏசிக் காற்று நேராக அடிக்கவேண்டாம். கத்தும். வாலாஜா டோல் வரை கத்தும், அப்புறம் பெரும்பாலும் அடங்கும். பாவமாக இருக்கிறது என்று ஒரு நிமிஷம் திறந்து தடவிக்கொடுக்கத் தோன்றும், அந்த நேரம் பார்த்து டிரைவர் டீக்கடையில் நிறுத்திக் கதவைத் திறப்பார். நெடுஞ்சாலை ஓரத்தில் இருட்டில் ஓடிய பூனை திரும்ப வராது.

சென்னையில் உள்நாட்டு விமானங்களுக்கு 1, 4 என்று இரண்டு முனையங்கள். டிக்கெட்டில் எது என்று பார்த்து டிரைவரிடம் முன்பே சொல்லுங்கள். தவறான வாசலில் இறங்கிப் பூனைப் பையோடும் பெட்டியோடும் நடப்பது நல்ல ஆரம்பம் அல்ல.

11. கவுண்ட்டரில்

வெப் செக்-இன் செய்யாமல் நேரே கவுண்ட்டருக்குப் போங்கள், பூனையோடு போகிறவர்களை அங்கேதான் பார்ப்பார்கள். எடை போடுவார்கள், தாள்களைப் பார்ப்பார்கள், பொறுப்பேற்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள், கட்டணம் கட்டச் சொல்வார்கள். சில நேரம் கட்டணத்தை வேறு கவுண்ட்டரில் கட்டிவிட்டு வரச் சொல்வார்கள். மூன்று மணி நேரம் முன்னதாக வரச் சொல்வது இந்த அலைச்சலுக்காகத்தான். பையில் அடையாளச் சீட்டு ஒட்டாமல் விட்டால் கேட்டு ஒட்டிக்கொள்ளுங்கள், விமான வாசலில் அதைத்தான் பார்ப்பார்கள்.

12. பாதுகாப்புச் சோதனை: இதை வீட்டில் ஒத்திகை பாருங்கள்

மொத்தப் பயணத்தில் பூனையைப் பையிலிருந்து வெளியே எடுத்தே ஆகவேண்டிய ஒரே இடம் இது, தப்பி ஓடினால் இங்கேதான் ஓடும். பை எக்ஸ்-ரே மெஷினுக்குள் தனியாகப் போகவேண்டும், பூனை உங்கள் கையில் மெட்டல் டிடெக்டர் வாசல் வழியாக வரவேண்டும். சுற்றிலும் தட்டுகள் மோதும் சத்தம், பீப் சத்தம், பின்னால் அவசரப்படும் கூட்டம்.

வரிசையில் நிற்கும்போதே அருகில் இருக்கும் மத்தியத் தொழில் பாதுகாப்புப் படைக்காரரிடம் பூனை இருக்கிறது என்று சொல்லுங்கள். தமிழ் தெரியாதவராக இருந்தால் 'அந்தர் பில்லி ஹை' என்றால் போதும். பைக்குள் என்ன என்று தெரியாமல் பெல்ட்டில் தள்ளிவிடும் ஆபத்து இதனால் போகும்.

முதலில் ஃபோன், கைப்பை, பெல்ட், வாட்ச் எல்லாவற்றையும் தட்டில் போட்டு அனுப்பிவிடுங்கள். பூனைப் பை கடைசி. இரண்டு கையும் காலியான பிறகுதான் ஜிப்பில் கை வைக்கவேண்டும். ஹார்னஸ் கயிற்றை மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொள்ளுங்கள். துண்டை மேலே போட்டு, துண்டோடு சேர்த்துத் தூக்குங்கள்: ஒரு கை முன்னங்கால்களுக்குக் கீழே நெஞ்சில், இன்னொரு கை பின்பக்கத்துக்கு அடியில், முகம் உங்கள் தோள் பக்கம். கண் மறைந்தால் பாதி பயம் குறையும். பை உள்ளே போவதைப் பார்த்துவிட்டு நடங்கள். ஹார்னஸ் கொக்கிக்காக மெஷின் கத்தலாம், அப்படியே நில்லுங்கள், கையால் சோதிப்பார்கள்.

கணவன் மனைவி சேர்ந்து போனால் பூனையை மனைவி தூக்கட்டும். பெண்களைத் திரை போட்ட அடைப்புக்குள் சோதிப்பதால் நாலு பக்கமும் மறைவு கிடைக்கும். ஆண்களுக்குத் திறந்த மேடை. கணவர் மறுபக்கம் போய்ப் பையைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கட்டும். முதல் தடவை அந்தத் திரைக்குள் இருந்த பெண் காவலர், கிட்டுவின் வாலை ஒரு விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, அவனுக்கும் சேர்த்து முத்திரை குத்துவதுபோல் பாவனை செய்தார். அவன் என் தோளில் நகத்தைப் பதித்துக்கொண்டு அசையாமல் இருந்தான். நகத்தை முந்தின நாள் வெட்டியதற்கு அப்போது நன்றி சொன்னேன்.

திரும்பப் பைக்குள் விடும்போது பின்பக்கமாக விடுங்கள். தலையை முதலில் விட்டால் கால்களை வாசலில் ஊன்றிக்கொள்ளும். ஜிப், கொக்கி, அதன் பிறகு உங்கள் ஃபோன்.

13. விமானத்தில்

முன் சீட்டுக்கு அடியில், வலைப்பக்கம் உங்களைப் பார்த்து. மெல்லிய பருத்தித் துணியால் பாதி மூடுங்கள், முழுதும் மூடினால் காற்று குறையும். ஏறி இறங்கும்போது காது அடைக்கும். விழுங்கினால் சரியாகும் என்பதால், இறங்க ஆரம்பிக்கும்போது வலை வழியாக விரல் நுனியில் நக்கும் தீனி கொஞ்சம் காட்டுங்கள். நக்காவிட்டால் விடுங்கள்.

பூனையை மடியில் எடுக்கக்கூடாது, பை மூடியேதான் இருக்கவேண்டும். பக்கத்து சீட்காரரிடம் உட்கார்ந்ததுமே சொல்லிவிடுங்கள். ஒவ்வாமை உள்ளவர் என்றால் கதவு மூடும்முன் பணிப்பெண்ணிடம் சொல்லி இடம் மாற்றலாம், பறக்க ஆரம்பித்தபின் கஷ்டம்.

வாயைத் திறந்து நாய்போல் மூச்சு வாங்கினால் மட்டும் கவனியுங்கள். துணியை எடுத்துவிட்டு, மேலே உள்ள காற்றுத் துளையைத் திருப்பி, பணிப்பெண்ணைக் கூப்பிடுங்கள்.

14. போய்ச் சேர்ந்த பின்

முதல் நாள் முழு வீட்டையும் திறந்து காட்டாதீர்கள். ஒரே ஒரு அறை, ஜன்னல் கதவெல்லாம் மூடி. ஒரு மூலையில் மணல் தட்டு, எதிர்மூலையில் தண்ணீரும் சாப்பாடும். புது மணலின் மேல் நீங்கள் கொண்டுவந்த அந்தக் கைப்பிடிப் பழைய மணலைத் தூவுங்கள். தன் வாசனை இருந்தால்தான் அது தன் இடம் என்று ஒப்புக்கொள்ளும். கிட்டு முதல் தடவை கட்டிலுக்கு அடியிலிருந்து ஒன்றரை நாள் வெளியே வரவில்லை. இழுக்காதீர்கள், ராத்திரி தானாக வந்து சாப்பிடும்.

ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால் அங்குள்ள மருத்துவரிடம் பேசுங்கள். கடுவன் பூனை தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து சிறுநீர் வராமல் முனகினால் பேசிக்கொண்டிருக்காமல் அப்போதே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். பயத்தில் சிறுநீர்ப்பாதை அடைபடுவது கடுவன்களுக்கு நடக்கும், ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்து. கிளம்புவதற்கு முன்பே போகும் ஊரில் ஒரு கால்நடை மருத்துவரின் எண்ணை வாங்கி வைக்கச் சொல்வது இதற்காக.

பால்கனி இருந்தால் வலை அடிக்கும்வரை அந்தக் கதவு திறக்கக்கூடாது. மூன்று வாரமாவது வெளியே விடாதீர்கள். மொட்டைமாடியில் திரிந்து வளர்ந்த பூனைக்கு ஏழாவது மாடியின் கணக்குத் தெரியாது.

15. திரும்பி வருவதற்கு

போன சான்றிதழ் வரும்போது செல்லாது. அங்கே ஒரு மருத்துவரிடம் புதிதாக வாங்கவேண்டும், அதே மூன்று நாள் கணக்கு. நிறுவனத்திலும் திரும்பும் டிக்கெட்டில் பூனை தனியாகப் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள், போகும்போது பதிந்தது இதற்குச் சேராது.

பையை மட்டும் பரணில் ஏற்றாதீர்கள். டெல்லி வீட்டில் அது துணி பீரோவுக்குப் பக்கத்தில் திறந்தே கிடக்கிறது. இதை எழுதும்போது கிட்டு அதற்குள்தான் தூங்குகிறான், வால் மட்டும் வெளியே.